பர்மிட்டக்கா எழுதிய பதினெட்டுப் பக்கம்

மணலியில் அந்த டேங்க் யார்டுக்குள் யார் ஒரு நட்டைக் கழற்ற வேண்டுமென்றாலும் முதலில் எழில்மொழியின் மேசைக்கு வந்தாக வேண்டும். வெல்டிங் வைக்கிறவர், பெயின்ட் அடிக்கிறவர், டேங்குக்குள் இறங்கி அடிச்சேற்றை வழித்தெடுக்கிறவர் என எல்லோருக்கும் அவள் எழுதித் தருகிற வேலை அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டுக்கு யார்டில் பர்மிட் என்று பெயர். அவளுக்குப் பர்மிட்டக்கா என்று பெயர். எழில்மொழி என்ற பெயரை அவள் அப்பா யோசித்து யோசித்து வைத்திருந்தார். அது வருகைப் பதிவேட்டில் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது.

பர்மிட் எழுதுவது லேசான வேலை என்று நினைப்பவர்கள் ஒருநாள் அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எந்த வேலைக்கு என்னென்ன முன்னேற்பாடு என்று கம்பெனி ஒரு கெட்டி அட்டைப் புத்தகம் போட்டிருந்தது. அதைப் பார்த்து, ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், கார்பன் வைத்து மூன்று படி எழுத வேண்டும். எழுதி முடித்ததும் ஒருவர் புத்தகத்தை உரக்க வாசிப்பார். இன்னொருவர் சீட்டில் விரல் வைத்து ஓட்டிக்கொண்டே வருவார். இரண்டும் அச்சு அசலாக ஒத்துப்போனால்தான் அது பர்மிட். இல்லாவிட்டால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் முதல் வரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் ஃபிட்டர் குமாரவேலின் வலது கை. எழில்மொழி வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய வருடம், அதே மேசையில் இருந்த எழுத்தர், ‘நீராவிக் குழாயின் வால்வை மூடி, பூட்டுப் போட்டு, சாவியை அலுவலகத்தில் ஒப்படைக்கவும்’ என்ற வரியை ‘வால்வை மூடவும்’ என்று சுருக்கிவிட்டார். மற்றதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்ற நினைப்பு. அடுத்த ஷிப்டில் வந்தவர் விஷயம் தெரியாமல் வால்வைத் திறந்தார். குழாய்க்கு அந்தப் பக்கம் வேலை செய்துகொண்டிருந்த குமாரவேலுக்கு முழங்கை முதல் மணிக்கட்டு வரை தோல் வெந்துபோனது. ஆறிச் சுருங்கிய அந்தக் கையை மேசைமேல் ஊன்றிக்கொண்டுதான் அவர் தினமும் பர்மிட் வாங்குவார். அதைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறவளுக்குச் சொந்தச் சரக்கைச் சேர்க்கத் தோன்றுமா? பதினோரு வருடத்தில் அவள் எழுதிய எதிலும் அவளுடைய சொல் ஒன்றுகூட இருந்ததில்லை. அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

எழுதுவது அவள், கையெழுத்துப் போடுவது பாதுகாப்பு அதிகாரி சுப்பராயன். தங்கமான மனிதர், ஆனால் ஒரு வரி படிக்க மாட்டார். இடது கையிலிருக்கும் டீ கிளாஸை இறக்காமலேயே, "நீ எழுதினா சரியாத்தாம்மா இருக்கும்" என்று போட்டுத் தள்ளிவிடுவார். வேலை நடக்கிற இடத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. அவருக்கு முட்டிவலி வந்த நாள் முதல் வெயிலில் யார்டு முழுக்க நடந்து பார்த்துவிட்டு வருவதும் அவள் வேலையாகிப் போயிற்று.

2004இல் ஆயுதபூஜை முடிந்த மறுவாரம், இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறப்போவதாக சுப்பராயன் சொன்னார். அன்று மதியமே எழில்மொழி மேலாளர் அறைக்குள் போய், அந்த இடத்துக்குத் தன்னைப் பார்ப்பீர்களா என்று கேட்டுவிட்டாள். 

"உன் வேலையில ஒரு குறையும் கிடையாதும்மா," என்றார் மேலாளர். "ஆனா நீ வெறும் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. கையெழுத்து அதிகாரம் வேணும்னா தொழிற்சாலைப் பாதுகாப்புல முதுகலை இருக்கணும். அது நம்ம கம்பெனி ரூல். வாங்கிட்டு வா, பாக்கலாம்."

எங்கே வாங்கப்போகிறாய் என்ற தொனி அந்த ‘வாங்கிட்டு வா’வுக்குள் இருந்தது. எழில்மொழிக்கு அது நன்றாகவே கேட்டது. சுருக்கென்று எரிச்சல் வந்தது. அந்த எரிச்சல்தான் பிறகு இரண்டு வருடம் அவளை ஓட்டியது என்று சொன்னாலும் தப்பில்லை.

வேலையை விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போக வழியில்லை. புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடியில் வீடு. ஒன்பது வயதில் மகள் சங்கமித்ரா. கணவன் டில்லிபாபு துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். தேடிக்கொண்டிருந்தவள் கண்ணில் பேப்பர் விளம்பரம் ஒன்று பட்டது. வடக்கே வேறு மாநிலத்தில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகம் அதே முதுகலையை முழுக்க முழுக்க இணையத்திலேயே நடத்துகிறதாம். பாடம், பரீட்சை, சந்தேகம் கேட்பது எல்லாமே கம்ப்யூட்டர் வழியாக.

அவள் விஷயத்தைச் சொன்னதும், டில்லிபாபு வாயில் போட்ட இட்லியை மென்று முடித்தான்.

"வாத்தியாரே இல்லாத காலேஜா? ஷோக்கா கீதே! பெஞ்ச் மேல ஏத்தி நிக்க வைக்க ஆளே கெடையாது," என்றான்.

"வாத்தியாரு கீறாருபா. கம்ப்யூட்டருக்கு அந்தாண்ட குந்திகினு கீறாரு."

"அப்ப சேந்துக்க. வூட்ட நான் பாத்துக்கறேன். ஆனா பெயிலானா மட்டும் எங்கையில சொல்லாத. எனக்கு பேஜாராப்பூடும்."

வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் சாபிரா நடத்திய பிரௌசிங் சென்டர்தான் எழில்மொழியின் கல்லூரி. ஆறு கம்ப்யூட்டர், ஆறு தடுப்பு, ஒரு டேபிள் ஃபேன். மாலையில் மணலியிலிருந்து பஸ் பிடித்து வந்து இரண்டு மணி நேரம் உட்காருவாள். ஞாயிறு காலை புத்த விகாரையில் வழிபாடு முடிந்ததும் நேரே இங்கே வந்துவிடுவாள். ஜன்னலோரத் தடுப்பைச் சாபிரா அவளுக்கென்றே ஒதுக்கி வைத்தாள். கீழே ரோட்டில் நைட்டி நைட்டி என்று கூவிக்கொண்டிருப்பார்கள். மேலே இவள் எந்த ஆவி எத்தனை சதவீதத்தில் தீப்பிடிக்கும் என்று குறிப்பெடுத்துக்கொண்டிருப்பாள்.

முதல் மாதம் முழுக்க வகுப்பின் கலந்துரையாடல் பக்கத்தில் அவள் ஒரு வரியும் எழுதவில்லை. குவைத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் யார் யாரோ பெரிய பெரிய ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் ஒருவர் தீயணைப்பு நுரையைப் பற்றித் தப்பாக எழுதியிருந்ததைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. ‘ஐயா, ஆல்கஹாலில் சாதா நுரை நிற்காது, கரைந்துவிடும்’ என்று ஒரே வரி தட்டினாள். குவைத்காரர் நன்றி சொன்னார். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

முதல் வருடப் பரீட்சைகளெல்லாம் நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதும் கணக்குப் போடுவதும்தான். தொண்ணூற்றொன்று, எண்பத்தெட்டு, தொண்ணூற்று மூன்று என்று வாங்கினாள். டில்லிபாபு அந்த மதிப்பெண்களைத் துறைமுகத்தில் டீக்கடை வரைக்கும் பரப்பிவிட்டு வந்தான்.

இரண்டாம் வருடம்தான் முதல்முறையாகக் கட்டுரை கேட்டார்கள். டேங்குக்குள் மனிதர் இறங்கிச் செய்யும் வேலையைப் பாதுகாப்பாக நடத்துவது எப்படி, உங்கள் பணியிடத்தை முன்வைத்து எழுதுக என்று தலைப்பு. தேர்வே எழுதாமல் மதிப்பெண் கொடுத்துவிடுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. இதைத்தானே பதினோரு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறாள்?

ஆகவே எப்போதும் எழுதுவதுபோலவே எழுதினாள். பாடத்துக்குச் சொல்லியிருந்த இரண்டு புத்தகங்களையும் பிரித்து வைத்துக்கொண்டு, அதில் நல்ல பகுதிகளைப் பொறுக்கி, வரிசைப்படுத்தி, சொல்லுக்குச் சொல் தட்டினாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. ஓரிடத்தில் இரண்டு சொல் விட்டுப்போனதைக் கண்டுபிடித்தபோது தலையில் அடித்துக்கொண்டாள். கடைசி நாள் சாபிராவைப் பக்கத்தில் உட்காரவைத்து, யார்டில் செய்வதுபோலவே சரிபார்த்தாள். சாபிரா புத்தகத்தை உரக்க வாசிக்க, இவள் திரையில் விரல் வைத்து ஓட்டிக்கொண்டே வந்தாள்.

"ஒரு புள்ளி கூட மாறலக்கா," என்றாள் சாபிரா, துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"மாறவே கூடாது. அதாம்மே வேலையே," என்றாள் எழில்மொழி. அனுப்பிவிட்டு இருவரும் கீழே இறங்கிப் போய் ரோஸ்மில்க் குடித்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் ஒரு மின்னஞ்சல் வந்தது. அவளுடைய கட்டுரையில் தொண்ணூற்றெட்டு சதவீதம் வேறு நூல்களிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது, மேற்கோள் குறிப்பும் இல்லை, இது குறித்து ஒழுங்கு நடவடிக்கைக் குழு அடுத்த ஞாயிறு பதினொரு மணிக்கு வெப்கேம் வழியாக விசாரிக்கும், குற்றம் உறுதியானால் படிப்பிலிருந்து நீக்கப்படலாம். அதில் ஓர் ஆங்கிலச் சொல் அவளுக்குத் தெரியவில்லை. அதே கம்ப்யூட்டரில் அகராதியைத் தேடிப் பார்த்தாள். எழுத்துத் திருட்டு என்று இருந்தது.

திருட்டு என்ற சொல்லைப் புளியந்தோப்புக்காரர்களிடம் சும்மா வீசிவிட்டுப் போக முடியாது. ஏரியா பெயரைச் சொன்னதுமே பையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிற ஆட்களைப் பார்த்து வளர்ந்தவள் அவள். கல்லூரியில் ஒருத்தியின் பேனா காணாமல் போனபோது எல்லோருடைய கண்ணும் முதலில் யார் பக்கம் திரும்பியது என்று அவளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. போதாததற்கு, ஞாயிறுதோறும் விகாரையில் பஞ்சசீலம் சொல்கிறாள். அதில் இரண்டாவதே, கொடுக்கப்படாததை எடுக்க மாட்டேன் என்பதுதான். அன்று மாலை அவள் சாபிராவிடம்கூடச் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டாள். 

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த டில்லிபாபு மூன்றாம் நாள் கேட்டுவிட்டான்.

"இன்னாமே, காலேஜுக்கு மட்டம் போட்டுகினு கீற?"

"திருடின்னு எழுதிக்கீறாங்கபா," என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். அழுது முடித்துத்தான் முழுதாகச் சொன்னாள்.

டில்லிபாபு எழுந்து நின்றுவிட்டான். "எவன் அவன்? எந்த ஊரு? நம்பர் குடு. திருடறவன் இன்னா பண்ணுவான், நம்பர் ப்ளேட்ட மாத்துவான், பெயின்ட்ட மாத்துவான். நீ ஒரு புள்ளி கூட மாத்தாம அப்டியே நிறுத்தி வெச்சிக்கீற. இது எங்கனா திருட்டாவுமா?"

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் மறுநாள் பல்கலைக்கழகத்தின் விதிமுறைப் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது சிரிப்பு போய்விட்டது. பிறர் வரியைத் தன் பெயரில் கொடுக்கக் கூடாது, எடுத்தால் யாருடையது என்று சொல்ல வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது. சேர்ந்த நாளிலேயே அதைப் படித்து ஒப்புக்கொண்டதாக அவள் ஒரு சின்னக் கட்டத்துக்குள் டிக் அடித்திருந்தாள். அடித்தாளே ஒழிய படிக்கவில்லை. சுப்பராயன் சாரை எத்தனை முறை மனதுக்குள் திட்டியிருப்பாள்! தானும் அதே காரியத்தைத்தான் செய்திருக்கிறோம் என்று தெரிந்ததும் கூசிப்போனாள்.

சுப்பராயனிடமே யோசனை கேட்டாள். அவர் டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "குடும்பக் கஷ்டம், நேரமே கிடைக்கல, தெரியாம நடந்துபோச்சுன்னு அழுது ஒரு லெட்டர் எழுதிப் போடும்மா. மனசு இளகி விட்டுடுவாங்க," என்றார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் மூன்று ஞாயிறு உட்கார்ந்து செய்ததை நேரமில்லாமல் செய்தேன் என்று எப்படிச் சொல்வது? அது பொய். இன்னும் ஒரு வருடத்தில் தன் கையெழுத்தை நம்பி ஆட்கள் டேங்குக்குள் இறங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவள், தன் வேலையைப் பற்றியே பொய் எழுதித் தப்பிப்பதா? மாட்டேன் என்று முடிவு செய்தாள். நீக்கினால் நீக்கட்டும், காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் போவது.

ஞாயிற்றுக்கிழமை சாபிரா பிரௌசிங் சென்டருக்கு விடுமுறை விட்டுவிட்டாள். "நானுந்தானக்கா கூட ஒக்காந்து வாசிச்சேன், என்னையும் கேப்பாங்களா?" என்று நாலு தடவை கேட்டாள். டில்லிபாபு இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, மாடிப்படியில் யாரும் ஏறாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று குந்திக்கொண்டான். பதினொரு மணிக்குத் திரையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் மூன்று முகங்கள் தெரிந்தன. நடுவில் குழுத் தலைவி டாக்டர் குல்கர்ணி. ஒருபக்கம் வயதான ஒருவர், வாயே திறக்கவில்லை. இன்னொருபக்கம் பேராசிரியர் சண்முகவேல், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அங்கே போய் இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறவர். ஆங்கிலம் தடுமாறினால் தமிழில் சொல்லலாம், நான் மொழிபெயர்க்கிறேன் என்று அவர்தான் முதலில் தைரியம் சொன்னார்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று தலைவி கேட்டார். எழில்மொழி குமாரவேலின் கையைப் பற்றிச் சொன்னாள். ஒரு வரியைச் சுருக்கியதால் ஒரு மனிதனின் தோல் போன கதையைச் சொன்னாள். எங்கள் வேலையில் வரியை மாற்றினால்தான் குற்றம், மாற்றாமல் எழுதுவதுதான் ஒழுங்கு, அதே ஒழுங்கோடுதான் இதையும் எழுதினேன், விதியைப் படிக்காமல் டிக் அடித்தது மட்டும் என் தப்பு என்று நல்ல தமிழில் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். சண்முகவேல் மொழிபெயர்த்து முடித்தார். குல்கர்ணி கட்டுரையைப் புரட்டினார்.

"நாலாம் பக்கத்தில், டேங்குக்குள் இறங்குமுன் காற்றை மேலே, நடுவே, அடியில் என மூன்று இடத்திலும் சோதிக்க வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் யார்டில் அப்படித்தான் செய்கிறீர்களா?"

எழில்மொழி திரையை நெருங்கி உட்கார்ந்தாள். பக்கத்தில் நின்ற சாபிரா அவளையே பார்த்தாள்.

"இல்ல மேடம்," என்றாள்.

"அப்படியானால் உங்கள் பணியிடத்தை முன்வைத்து என்று நீங்கள் எழுதியிருப்பது உண்மையில்லை."

"புஸ்தகத்துல கீறது சரிதான் மேடம். ஆனா..." என்று ஆரம்பித்தவளுக்கு அதற்குமேல் நல்ல தமிழ் கைகொடுக்கவில்லை. பதினோரு வருடமாக உள்ளே கிடந்தது மொத்தமும் புளியந்தோப்புப் பேச்சிலேயே வெளியே வந்தது. "எங்க ஏழாம் நம்பர் டேங்கு பூமிக்கு அடியில கீது சார். ஆழம் பதினாலு அடி. காத்து பாக்கற மீட்டரோட டியூப்பு ஆறடிதான். ஆறடில காத்து ஷோக்கா கீது. அடியிலதான் கலீஜு. சேத்துல கெளம்பற ஆவி காத்த விட கனம், கீழ போய் குந்திகினு கீது. பர்மிட்டுல ஒரே ஒரு கட்டம்தான், ஒரே ஒரு நம்பர்தான். காலைல எட்டு மணிக்கு அத்த போட்டுட்டு சாய்ங்காலம் வரைக்கும் ஆள எறக்கறாங்கோ. சேத்த கிண்டிவுட்டா இன்னும் ஆவி கெளம்பும். சோறு துன்னுட்டு திரும்ப எறங்கறான் பாருங்க, அப்பதான் பேஜாரு. மூணு மணிக்கு தலைய சுத்துதுக்கான்னு மேல வந்து படுத்துக்கறான். எட்டு மணி நம்பரு மூணு மணிக்கு இன்னாத்துக்கு சார் ஒதவும்? மூணு கட்டம் வேணும். பதினாறு அடி டியூப்பு வேணும். சோத்துக்கு அப்பால இன்னொரு தபா மீட்டர் வுட்டு பாத்து, இன்னொரு கையெழுத்து போடணும்."

சண்முகவேல் மொழிபெயர்க்க ஆரம்பித்துக் கலீஜில் மாட்டிக்கொண்டார். "கலீஜுன்னா... என்னம்மா அது?"

குல்கர்ணி சிரித்துவிட்டார். "கலீஜ் என்றால் அசுத்தம், எனக்குப் புரிகிறது பேராசிரியரே. அது எங்கள் பக்கத்துச் சொல்தான். மேலே சொல்லுங்கள்."

அவர் மேலே சொல்லி முடித்தார். அதுவரை வாய் திறக்காத வயதானவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இதையெல்லாம் ஏன் கட்டுரையில் எழுதவில்லை என்று கேட்டார்.

"அதெல்லாம் நான் எழுதலாமா சார்?" என்றாள் எழில்மொழி.

அவள் நடிக்கவில்லை. உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. படிக்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த டில்லிபாபு அந்தக் கேள்வியைக் கேட்டதும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். திரையில் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இணைப்பு ஒரு முறை அறுந்து, சாபிரா மேசைக்கு அடியில் புகுந்து ஒயரை ஆட்டிவிட்டு வந்தபோது, தீர்ப்பு தயாராக இருந்தது. விதி விதிதான், அந்தக் கட்டுரைக்குப் பூஜ்யம். பதினாலு நாளில் புதிதாக ஒன்று எழுதித் தரலாம், அது எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஐம்பதுக்கு மேல் போட மாட்டார்கள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, இப்போது சொன்னதை எழுத வேண்டும்.

"என் இங்கிலீஷ் சுமாராத்தான் இருக்கும் மேடம்," என்றாள்.

"அந்த இங்கிலீஷில்தான் எங்களுக்கு வேண்டும்," என்றார் குல்கர்ணி.

சொல்வதற்கு நன்றாக இருந்தது. செய்யப் போனால் முதல் வரியே வரவில்லை. பார்த்து எழுத எதிரில் எதுவும் இல்லாமல் ஒரு வரி எழுதுவது எப்படி என்று அவளுக்குப் பழக்கமே இல்லை. நாலு நாள் வெறும் திரையைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். ஐந்தாம் நாள், ஏழாம் நம்பர் டேங்கின் ஓரத்தில் நின்றுகொண்டு டியூப்பை ஜாண் ஜாணாக அளந்து பார்த்துவிட்டு, மாலையில் வந்து உட்கார்ந்து தட்டினாள். ‘டேங்கின் ஆழம் பதினாலு அடி. எங்கள் டியூப்பின் நீளம் ஆறு அடி. மீதி எட்டு அடியைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது. அங்கேதான் மனிதர்கள் வேலை செய்கிறார்கள்.’ இந்த நாலு வரி வந்ததும் மீதி தானாக வந்தது. கம்பெனி பெயரை மட்டும் சொல்லவில்லை. குமாரவேலிடம் கேட்டுக்கொண்டு அவர் கையைப் பற்றி எழுதினாள். ‘நான் பார்த்தேன்’, ‘நான் நினைக்கிறேன்’ என்று எழுதும்போதெல்லாம் யாராவது வந்து கேட்பார்களோ என்று முதலில் பயமாக இருந்தது. பத்துப் பக்கம் தாண்டியபின் கேட்கட்டுமே என்று ஆகிவிட்டது. மொத்தம் பதினெட்டுப் பக்கம்.

"நான் வாசிக்கட்டுமாக்கா, நீ சரி பாக்கறியா?" என்று கேட்டாள் சாபிரா.

"எத்த பாத்து வாசிப்ப? இதுக்கு புஸ்தகமே கெடையாதும்மே," என்றாள் எழில்மொழி.

ஐம்பது வந்தது. கீழே, விதி அனுமதிக்கும் முழு மதிப்பெண் என்று ஒரு வரி. தொண்ணூற்று மூன்றை டீக்கடை வரைக்கும் கொண்டுபோன டில்லிபாபு இந்த ஐம்பதைத் துறைமுகம் முழுக்கக் கொண்டுபோனான். அடுத்த வகுப்பின் பாடத்தொகுப்பில் அந்தப் பதினெட்டுப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று குல்கர்ணி கேட்டு எழுதினார். சேர்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

2006இல் பட்டம் கூரியரில் வந்தது. மேலாளர் அதை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதை மறைக்கக் கூடாது. சுப்பராயனின் நாற்காலியில் உட்கார்ந்த முதல் வாரமே அவள் பதினாறு அடி டியூப் வாங்க வைத்தாள், பர்மிட்டில் மூன்று கட்டம் அச்சடிக்க வைத்தாள். முதன்முதலில் ஏழாம் நம்பர் டேங்குக்கு பர்மிட் வந்தபோது, தானே மீட்டரை இறக்கிப் பார்த்துவிட்டு அடிக்கட்டத்தில் வந்த எண்ணைக் காட்டி, கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டாள். காற்றுக் குழாய் வைத்து ஊதி, அந்த எண் இறங்குவதற்குள் மதியம் இரண்டரை ஆயிற்று. அதுவரை ஒரு கூட்டமே வெயிலில் உட்கார்ந்து முணுமுணுத்தது. குமாரவேல் மட்டும், "மீட்டர் ஒத்துக்கறவரைக்கும் குந்துங்கடா. இன்னா அவசரம்?" என்று அதட்டினார். இரண்டரைக்கு அவள் போட்ட கையெழுத்தில் எழில்மொழி என்ற பெயர் முழுதாக இருந்தது.

அதற்கப்புறம் இரண்டு வருடம். வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஒரு ஞாயிறு காலை சங்கமித்ராவிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தவள், டாக்டர் குல்கர்ணியிடமிருந்து வந்திருந்த மின்னஞ்சலை ஒரு முறை படித்தாள். நம்பாமல் இன்னொரு முறை படித்தாள். பிறகு, "அய்யோ" என்று சத்தமாகச் சொன்னாள்.

முகத்தில் பாதிச் சோப்புநுரையோடு டில்லிபாபு ஓடி வந்தான். "இன்னாமே ஆச்சு?"

"திருடிட்டாங்கபா."

"எத்த?"

"என் கட்டுரைய. மேற்க எங்கியோ ஒரு பாக்டரில வேல செய்றவராம். பதினெட்டு பக்கத்தையும் அப்டியே எடுத்து, அவரு பேர்ல குடுத்துக்கீறாரு. ஏழாம் நம்பர் டேங்க கூட மாத்தல. குமாரவேலு அண்ணன் பேர கூட மாத்தல!" அவள் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வழிந்தது. "எழுதினவங்க நீங்க, இன்னா பண்ணலாம் சொல்லுங்கன்னு கேட்டுக்கீறாங்கபா."

 டில்லிபாபு நுரையோடு வராந்தாவுக்குப் போய், கைப்பிடிச் சுவரில் வயிற்றை வைத்துக் குனிந்து, கீழே தண்ணீர் லாரிக்கு நின்றுகொண்டிருந்த மொத்தக் கூட்டத்துக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினான். "யோவ்! எம் பொண்டாட்டி எழுதினத்த எவனோ சுட்டுட்டான்யா! மெய்யாலுமே சுட்டுட்டான்!"

சைக்கிளா, செயினா, போலீசுக்குச் சொல்லியாச்சா என்று கீழேயிருந்து நாலைந்து குரல்கள் பதறிக் கேட்டன.

"பதினெட்டு பக்கம்யா! இங்கிலீஷு!" என்றான் டில்லிபாபு, வெற்றிக் கோப்பை வாங்கியவன் முகத்தோடு.

எழில்மொழி அவனை உள்ளே கூப்பிடவில்லை. கத்தட்டும் என்று விட்டுவிட்டுப் பதில் எழுத உட்கார்ந்தாள். அந்த மனிதரை நீக்க வேண்டாம், உங்கள் தொழிற்சாலையில் டேங்க் எத்தனை ஆழம், டியூப் எத்தனை நீளம் என்று அவரைக் கேளுங்கள், கேட்டுவிட்டுப் பதினாலு நாள் கொடுங்கள் என்று எழுத நினைத்திருந்தாள். அதையும் எழுதினாள். ஆனால் அதற்கெல்லாம் மேலே, முதல் வரியாக, ‘ஆமாம், அதை எழுதியவள் நான்தான்’ என்று தட்டினாள்.